சட்டத்தில் ஏன் சைக்கிள் இருக்கிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி கிராமங்களில் வகுப்பு எடுக்கும்போது, ஒரு பிரிவை மட்டும் நான் நிறுத்தி இரண்டு முறை வாசிப்பேன். 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி அது. பிரிவு 3(1)(இசட்.ஏ), உட்பிரிவு (பி). பட்டியல் சாதியைச் சேர்ந்தவரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்புப் போடுவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதை, அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம். தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை சிறை, கூடவே அபராதம்.

வாசித்து முடித்ததும் இளைஞர்கள் சிரிப்பார்கள். "சைக்கிளுக்கெல்லாமா அக்கா சட்டம் போடுவாங்க?" என்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இருபத்தோராம் நூற்றாண்டில் உட்கார்ந்து, "சைக்கிள்" என்ற சொல்லை ஒரு குற்றவியல் சட்டத்துக்குள் எழுத வேண்டியிருந்தது. உலகத்தில் வேறு எங்கெல்லாம் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதோ தெரியாது. இங்கே இருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது நகரங்களில் பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, துரு நீக்கி, பெயிண்ட் அடித்து ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகிறார்கள். இன்னொரு பக்கம் லட்ச ரூபாய் கியர் சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் போகிறார்கள். இரண்டையும் நான் ரசிக்கிறேன். நல்ல பொறியை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். ஆனால் "அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு சைக்கிள், எவ்வளவு அழகான காலம்" என்று யாராவது எழுதும்போது, அந்த "எல்லாரும்" யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

குதிரை இல்லாதவனின் வண்டி

1817-ல் ஜெர்மனியின் மன்ஹெய்ம் நகரில் கார்ல் ஃபோன் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒரு சட்டத்தில் முன்பின்னாகப் பொருத்தி, காலால் தரையை உந்தி ஓட்டினார். பெடல் கிடையாது. 1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தோடு பெடலை இணைத்தார்கள். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் கல் பாவிய தெருவில் ஓடும்போது உடம்பெல்லாம் ஆடும். ஆங்கிலேயர்கள் அதற்கு எலும்பை உலுக்குகிற வண்டி என்றே பெயர் வைத்தார்கள்.

பெடல் நேராக முன்சக்கரத்தில் இருந்தால் ஒரு சிக்கல். ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதனால்தான் 1870-களில் ஆள் உயரத்துக்கு முன்சக்கரமும், தம்மாத்துண்டு பின்சக்கரமும் வைத்த வண்டி வந்தது. அதில் ஏறுவதே ஒரு வித்தை. கல்லில் இடறினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கால் நீண்ட, காசு உள்ள இளைஞர்களின் விளையாட்டாக அது இருந்தது.

1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த 'ரோவர்' சைக்கிள்தான் கதையை மாற்றியது. பெடலை நடுவில் வைத்து, ஒரு செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுற்றினார். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னப் பல்சக்கரம். சக்கரத்தைப் பெரிதாக்காமலே வேகம் கிடைத்தது. கால் தரையில் எட்டியது. மூன்று ஆண்டு கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து காப்புரிமை பெற்றார். செயின், காற்று டயர் இரண்டும் சேர்ந்தவுடன் இன்று நாம் ஓட்டும் சைக்கிள் அநேகமாக முழுமை பெற்றுவிட்டது. நூற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் அடிப்படை வடிவம் மாறவில்லை.

பெண்களுக்கு அந்தச் சைக்கிள் என்ன செய்தது என்பது உலகறிந்த கதை. அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி, உலகத்தில் வேறு எதையும்விடப் பெண்ணின் விடுதலைக்குச் சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்று 1896-ல் சொன்னார். இந்தப் பேச்சை எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அதே பத்தாண்டில் நடந்த மற்ற இரண்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, ரப்பர். காற்று டயருக்குக் கிராக்கி கூடக்கூட, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்த ஆளுகையில் இருந்த காங்கோவில் காட்டு ரப்பர் சேகரிக்கக் கறுப்பின மக்களைத் துப்பாக்கி முனையில் விரட்டினார்கள். ரப்பர் கணக்குக் குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள். கைகளை வெட்டினார்கள். ஐரோப்பாவில் ஒரு தொழிலாளி மெத்தென்ற டயரில் வேலைக்குப் போனதன் மறுமுனையில் இது நடந்தது.

இரண்டு, நிற வேலி. 'அமெரிக்கச் சக்கர வீரர்கள் கழகம்' என்ற பெரிய சைக்கிள் அமைப்பு 1894-ல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியது. அதற்கு முன்பே உறுப்பினராகியிருந்த, பாஸ்டனைச் சேர்ந்த கிட்டி நாக்ஸ் என்ற கறுப்பினத் தையல் தொழிலாளிப் பெண், 1895-ல் அந்த அமைப்பின் மாநாட்டுக்குத் தன் உறுப்பினர் அட்டையோடு போய் நின்றார். மார்ஷல் 'மேஜர்' டெய்லர் என்ற கறுப்பின இளைஞர் 1899-ல் மான்ட்ரியலில் உலகச் சாம்பியனே ஆனார். ஓடுதளத்தில் அவரை இடித்துத் தள்ளினார்கள், ஓட்டல்களில் இடம் மறுத்தார்கள். 1932-ல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். அந்த அமைப்பு தன் நிற வேலியை முறைப்படி ரத்து செய்தது எப்போது தெரியுமா? 1999-ல்.

பொறிக்குச் சாதியோ நிறமோ தெரியாது. ஆனால் அதில் யார் ஏறலாம், எந்தத் தெருவில் போகலாம் என்பதை முடிவு செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டிக்கு முன்னால் தெரு

நம் பக்கம் வருவோம். சைக்கிளுக்கு முன்பே இங்கே வாகனம் என்பது சாதிப் பிரச்சினைதான். தெற்குத் திருவிதாங்கூரில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். தலைப்பாகையும் மேலாடையுமாக, புலையர்கள் நடக்கவே கூடாது என்று வைத்திருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். மறித்தார்கள், அடிதடி நடந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இந்திய விடுதலைக்கு நடந்த யாத்திரைகளைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். இந்த வண்டிப் பயணத்தை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924-ல் ரெட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்ற நம் உறுப்பினர்கள் பேசிப் போராடியதன் பலனாக, பொதுச்சாலை, கிணறு, பொது அலுவலகங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. காகிதத்தில் சாலை திறந்தது.

ஆறே ஆண்டுகளில் இராமநாதபுரத்தில் என்ன நடந்தது? 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதையெல்லாம் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

எந்த வாகனத்தையும் கூடாது என்ற 1931-ன் தடையையும், மேலே நான் சொன்ன சட்டப் பிரிவையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். செருப்பு, உடை, குதிரை, வண்டி என்று அதே பட்டியல்தான். அதைக் குற்றம் என்று பெயர் சொல்லி எழுத நமக்கு 85 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தாத்தாவின் ஹெர்குலிஸ்

என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1960-களின் நடுவில் ஒரு சைக்கிள் வாங்கினார். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர். வாங்கியது பழைய ஹெர்குலிஸ், கைமாறி வந்தது. ஹெர்குலிஸ் பர்மிங்காமில் பிறந்த பெயர். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. 1950-களில் அசன்சோலில் ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று நாடெங்கும் சைக்கிள் தொழில் எழுந்தது. அதுவரை வெள்ளைக்காரத் துரையும் வக்கீலும் குமாஸ்தாவும் வைத்திருந்த இறக்குமதிப் பண்டம், மெல்ல விவசாயக் கூலியின் கைக்கும் எட்டியது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கறுப்புப் பெயிண்ட், 28 அங்குலச் சக்கரம். இரும்புக் குழாய்களை முனைகளில் லக்கு என்ற உறைக்குள் சொருகி, பித்தளை உருக்கி ஊற்றி இணைத்திருப்பார்கள். எடை இருபது கிலோவுக்கு மேல். பிரேக்குக்கு ஒயர் கிடையாது, கம்பிதான். பிடியை அழுத்தினால் கம்பி மேலே இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில் ரப்பர் கட்டை போய் ஒட்டும். மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது அதன் குறை. ஆனால் அந்தக் கம்பி அறுந்து நான் பார்த்ததில்லை.

முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்பது பெரும்பாலான வண்டிகளின் கணக்கு. ஒரு சுற்று மிதித்தால் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். மேட்டில் மூச்சு வாங்கும், சமதரையில் சுகம். முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தான் ஏறும் என்று தெரிந்து செய்த கணக்கு இது. மெல்லிய கம்பி எப்படி இரண்டு மூட்டை நெல்லைத் தாங்குகிறது என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கம்பி பாரத்தைத் தாங்கி நிற்பதில்லை, எல்லாக் கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்த இழுவிசைதான் சக்கரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சைக்கிள் கடைக்காரர் ஒருவர். கோட்டம் எடுக்கும்போது சாவியைக் கால் திருகு திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார். கல்லூரிக்குப் போகாத பொறியாளர்.

இந்த வண்டியின் உண்மையான மேன்மை அதன் எளிமை. நான்கைந்து ஸ்பேனரும், ஒரு சுத்தியலும், பஞ்சர் ஒட்டும் பசையும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் கடை போட்டுவிடலாம். கோட்டர் பின் தேய்ந்தால் தட்டி எடுத்துப் புதிது போடலாம். பால்ரஸ் குண்டு போனால் எண்ணி வாங்கி, கிரீஸ் வைத்து அடுக்கலாம். ஃபிரேம் முறிந்தால் பற்றவைக்கலாம். ஜார்க்கண்டில் நிலக்கரித் தொழிலாளிகள் இருநூறு கிலோவுக்கு மேல் கரியை ஏற்றித் தள்ளிப் போவதும் இதே வகை வண்டியில்தான்.

சமூகவியல் படித்தபோது எனக்குப் புரிந்த ஒன்றையும் சொல்கிறேன். நம் ஊர்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சாதி உண்டு. சைக்கிள் ரிப்பேருக்கு அப்படி ஒரு சாதி எழுதி வைக்கப்படவில்லை. அது புதிதாக வந்த தொழில். அதனால்தான் சேரிப் பையன்களும் இஸ்லாமியப் பையன்களும் அந்தக் கடைகளில் வேலைக்குச் சேர முடிந்தது, பிறகு சொந்தக் கடை வைக்க முடிந்தது. பறையடிக்கவும் மலம் அள்ளவும் சொன்ன ஊரில், கையில் கிரீஸோடு ஒருவன் "மெக்கானிக்" ஆனான். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தாத்தாவின் சைக்கிளுக்கு ஒரு எல்லை இருந்தது. எங்கள் தெருவிலிருந்து பிரதான சாலைக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். பிள்ளையார் கோயில் வந்ததும் இறங்கிவிடுவார். கடைசி வீடு தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போவார். பிறகு ஏறுவார். ஒரு நாள் மழை கொட்டியதால் இறங்காமல் போய்விட்டார். திண்ணையிலிருந்து ஒரு குரல்: "என்னடா, காலு தரையில படாதோ? எறங்கி உருட்டு." தாத்தா இறங்கினார். "சரிங்க சாமி" என்றார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தாத்தாவைவிட இருபது வயது சின்னவர் என்று அம்மா ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார்.

1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. பொதுச்சாலையைப் பயன்படுத்தத் தடுப்பது அதன்படி குற்றம். தாத்தா சாகும்வரை அந்தச் சட்டம் எங்கள் பிள்ளையார் கோயிலைத் தாண்டி வரவில்லை.

இரண்டு கால், இரண்டு சக்கரம்

சைக்கிளை அரசியல் கருவியாக முழுமையாகப் புரிந்துகொண்டவர் கன்சிராம். 1981-ல் அவர் தொடங்கிய டி.எஸ்.4 அமைப்பு, 1983 மார்ச்சில் டெல்லியிலிருந்து நூறு பேரோடு ஒரு சைக்கிள் பயணம் கிளம்பியது. நாற்பது நாள், ஏழு மாநிலங்கள், 4,200 கிலோமீட்டர். இரண்டு கால்களும் இரண்டு சக்கரங்களும் என்ன செய்ய முடியும் என்று காட்டுவதாகவே அவர் அதை முன்வைத்தார். மற்ற கட்சிகளிடம் ஜீப் இருந்தது, ஹெலிகாப்டர் இருந்தது. நம்மிடம் இருப்பது உடல் உழைப்பு, அதைக் கொண்டே இயக்கம் கட்டலாம் என்பது அவர் கணக்கு. போகிற வழியெல்லாம் சேரிகளில் தங்கிப் பேசினார்கள். பெட்ரோல் செலவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது.

இறங்கச் சொன்ன ஒரு வண்டியில், இறங்காமல் 4,200 கிலோமீட்டர் போனார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா மிதித்த கம்பி வண்டி

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார். வயல் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். ஒரு சைக்கிள் போட்டியில் மட்டும் 70,000 பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

அந்தக் குழந்தைகளில் நானும் ஒருத்தி. அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது, எனக்கு நான்கு. தாத்தாவின் அதே ஹெர்குலிஸ். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் குரங்குப் பெடல், அப்புறம் கம்பிக்கு மேல். கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்திருந்தது லேசாக நினைவிருக்கிறது.

அம்மா சொல்வது இது: "ஒருநா அறிவொளிப் பொண்ணுக எல்லாம் வரிசையா ஊர்த்தெருவுலயே ஓட்டிட்டுப் போனோம். கலெக்டரம்மா திட்டம்னு யாரும் வாயத் தொறக்கல. மறுநா நான் மட்டும் தனியாப் போனேன். எறங்குன்னாங்க. காது கேக்காத மாரி மிதிச்சிட்டேன். கை நடுங்குச்சு. ஆனா மிதிச்சிட்டேன்."

அன்று மாலை தாத்தாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இரண்டு வாரம் எங்கள் வீட்டுக்கு வேலை கொடுக்கவில்லை. அறிவொளியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெண் விடுதலையைப் பற்றி எழுதுகிறார்கள், அது முழு உண்மை. சேரிப் பெண்ணுக்கு அங்கே இரண்டு பூட்டு இருந்தது. ஒன்று வீட்டுக்குள், இன்னொன்று தெருவில்.

பள்ளிக்கூடத்துச் சைக்கிள்

2001-02-ல் தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2004-ல் எனக்குக் கிடைத்தது. பள்ளி ஏழு கிலோமீட்டர். பஸ் இரண்டு, அதில் ஒன்று வராது. எங்கள் தெருவில் எனக்கு முன்னால் பத்தாவதோடு நின்றுபோன அக்காக்கள் எட்டுப் பேர் இருந்தார்கள்.

சைக்கிளைப் பற்றி உண்மையும் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதமே நட்டுகள் கழன்றன. சக்கரம் கோணியது. கோட்டம் எடுக்க, பிரேக் கட்டை மாற்ற என்று கைக்காசு போனது. ஏழைப் பிள்ளைகளுக்குத்தானே என்ற நினைப்பு இரும்பின் கனத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அதில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பீகாரில் 2006-ல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் விகிதம் 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். தூரத்துப் பள்ளிகளைச் சார்ந்த ஊர்களில்தான் பலன் அதிகம். இலவசம் என்று கேலி பேசுகிறவர்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

பழையதா, புதியதா?

இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களிடம் கியர் சைக்கிள்கள் இருக்கின்றன. கடன் வாங்கியும் வாங்குகிறார்கள். நானும் ஓட்டிப் பார்த்தேன். அலுமினிய ஃபிரேம், தாத்தா வண்டியின் எடையில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதல். செயினைப் பக்கவாட்டில் நகர்த்திப் பல்சக்கரம் மாற்றும் டிரெயிலர் முறை ஐரோப்பியப் பந்தயக்காரர்களிடம் நூறு ஆண்டாக இருக்கிறது. முன்பெல்லாம் நெம்புகோலைத் தடவித் தடவிச் சரியான இடம் கண்டுபிடிக்க வேண்டும். 1980-களின் நடுவில் ஜப்பானின் ஷிமானோ, ஒரு 'டிக்' சத்தத்துக்கு ஒரு கியர் என்று துல்லியமாக்கியது. மேட்டில் ஏறும்போது முழங்கால் வலிக்காமல் மிதிக்க முடிவது பெரிய விஷயம். ரத்தசோகையோடு வயல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கியர் தேவை, பந்தய வீரரைவிடக் கூடுதலாகத் தேவை. டிஸ்க் பிரேக் மழையிலும் பிடிக்கிறது. தாத்தாவின் கம்பி பிரேக்கால் அது முடியாது.

மின் சைக்கிளும் வந்துவிட்டது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் நம் நாட்டு விதிப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். முதியோருக்கும், கால் ஊனமுற்றோருக்கும், பாரம் சுமந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கும் இது பெரிய வாய்ப்பு.

குறை எங்கே என்றால், ரிப்பேரில். ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் எங்கள் ஊர்க் கடைக்காரர் கையை விரிக்கிறார். பேட்டரி செத்தால் பாதி வண்டி விலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனிச் சாவி. பழைய சைக்கிளில் கருவியும் அறிவும் தெருமுனையில் இருந்தன. இப்போது இரண்டும் நகரத்து ஷோரூமுக்குப் போகின்றன. சாதியில்லாத தொழில் என்று மேலே சொன்னேனே, அந்தப் பஞ்சர் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்குப் புதிய சைக்கிளின், மின் சைக்கிளின் ரிப்பேரைக் கற்றுக்கொடுக்கும் தொழிற்பயிற்சி வேண்டும் என்று ஆதிதிராவிடர் நலத்துறையிடம் நாம் கேட்க வேண்டும். தாட்கோ கடனில் இதற்கு இடம் வேண்டும்.

ஆகவே பழையதா புதியதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. பழைய வண்டியின் எளிமையும் உறுதியும் வேண்டும், புதிய வண்டியின் இலகுவும் பாதுகாப்பும் வேண்டும். எந்த வண்டியானாலும், இறங்காமல் போகத் தெரு வேண்டும்.

இன்றைய கதை

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், அண்ணன் சம்பாதித்து வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில் ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்குப் போயிருக்கிறான். மூன்று நாள் எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் நான்கு பேர் மறித்தார்கள். "சேரிக்காரனுக்கு கியர் கேக்குதா?" என்று சொல்லி, டிரெயிலரை மிதித்து வளைத்துவிட்டார்கள். இறங்கி உருட்டச் சொன்னார்கள்.

நான் போய்ப் பேசினேன். அப்பா, "பொழப்பு அவங்க காட்டுலதாம்மா" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை. பையன், "கேஸ் போட்டா ஜெயிக்குமா அக்கா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீ சொல்வதைக் காவல் அதிகாரி எழுதி, உனக்கு வாசித்துக் காட்டி, உன் கையெழுத்து வாங்கி, வழக்குப் பதிந்து, நகல் தர வேண்டும். இது பிரிவு 4-ன்படி அவர் கடமை. வேண்டுமென்றே அதைச் செய்யத் தவறினால் பட்டியல் சாதியைச் சேராத அந்த அதிகாரி மீதே வழக்கு உண்டு. முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டுத்தான் வழக்குப் பதிவோம் என்று சொல்ல முடியாது, 2018 திருத்தம் அதை நீக்கிவிட்டது. சாதி இழிவு, சைக்கிளைத் தடுத்தது, பொருளைச் சேதப்படுத்தியது மூன்றையும் புகாரில் தனித்தனியாக எழுத வேண்டும். உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது, படம் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஜெயிக்குமா என்ற கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்வதாக வாக்குக் கொடுக்கவும் இல்லை. அடுத்த வாரம் அப்பா கூலி வேலைக்கு வேறு ஊர் பார்த்துக்கொண்டு வந்து, "எழுதுங்கம்மா" என்றார். புகார் இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. டிரெயிலரைத் தட்டி நிமிர்த்த முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். புதிது வரும்வரை ஒரே கியரில் ஓடும்படி செயினைச் சுருக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார், காசு வாங்கவில்லை.

பையன் அதே தெரு வழியாகத்தான் போகிறான். முதல் ஒரு வாரம் எங்கள் இளைஞர்கள் ஆறு பேர் அவனோடு சைக்கிளில் போனார்கள். இப்போது தனியாகப் போகிறான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு தெரு இருந்தால் எழுதுங்கள்.

ஜெய்பீம்.